மடக்கு போன்: கீலும் ரிப்பனும் காந்தமும்

மடக்கு போனைப் பற்றி மூன்று பேச்சு எப்போதும் காதில் விழும். "அது பழைய காலத்து போன், இப்ப டவர் எடுக்காது." "மூடினா உள்ளே கரண்ட் கட் ஆயிடும், அதான் சார்ஜ் நாள்கணக்கில் நிக்குது." "டிஸ்ப்ளே போயிடுச்சு, இனி தேறாது." புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய போன்களைக் குவித்து விற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் மூன்றையும் கேட்டுவிடலாம். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பெரும்பாலும் தவறு. அந்த மூன்றாவது தவறால்தான் நல்ல போன்கள் குப்பைக்குப் போகின்றன.

மடக்கு போனில் மற்ற பட்டன் போன்களில் இல்லாத உறுப்புகள் மூன்றே மூன்று: கீல், ரிப்பன், காந்தம். மூன்றும் போன் மடியும் இடமான கழுத்தையும் மூடியையும் சார்ந்தவை. அவற்றைப் புரிந்துகொண்டால் எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று போனைத் திறக்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

மடக்கியது எதற்காக

பெரியவர்களுக்குக் காதுக்கும் வாய்க்கும் இடையே ஏறத்தாழ 12 முதல் 14 சென்டிமீட்டர் இருக்கும். பேசும்போது போன் அந்த நீளத்துக்கு இருந்தால் நல்லது. ஸ்பீக்கர் காதிலும் மைக் வாயருகிலும் வரும். சட்டைப் பையில் வைக்கும்போது அதே நீளம் இடைஞ்சல். பேசும்போது நீளம், பையில் பாதி நீளம் என்ற இரண்டு தேவைக்கும் சேர்த்துக் கிடைத்த விடைதான் மடிப்பு.

மோட்டோரோலா 1989இல் கொண்டுவந்த மைக்ரோடேக் போனில் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மூடி மட்டும் மடங்கியது. 1996இல் வந்த ஸ்டார்டேக்கில்தான் போனே இரண்டாக மடிந்தது. எடை 88 கிராம். செங்கல் போன்ற போன்களைச் சுமந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கடினம். 2004இல் வந்த ரேசர் வி3 மடித்த நிலையிலேயே 13.9 மில்லிமீட்டர்தான். அதன் கீழ்முனை தாடை மாதிரி கொஞ்சம் தடித்திருக்கும். ஆன்டெனாவை அங்கே வைத்ததால்தான் மற்ற இடமெல்லாம் அவ்வளவு மெலிந்தது.

மடிப்பால் இன்னும் இரண்டு நன்மைகள். திரையும் பட்டன்களும் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால் சாவிக்கொத்து உரசாது, பையில் தானாக அழுந்தி யாருக்கோ கால் போகாது. மூடினாலே பேச்சு முடிந்துவிடும். தேட வேண்டிய பட்டனே இல்லை. கண் பார்வை மங்கிய தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் போன் இன்னும் பிடித்திருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பழைய மடக்கு போனில் திரை மடங்குவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். திரை மேல்பாதியில் தட்டையாகவே இருக்கிறது. திரையே வளையும் டச் போன்கள் வேறு இனம். பழையதில் வளைவது ஒரே ஒரு பொருள், அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதற்கு வருமுன் கீல்.

கீல்: தானே திறந்து தானே மூடுவது எப்படி

திறக்கத் தொடங்கும்போது கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். ஒரு கோணத்தைத் தாண்டியதும் மூடி தானாகவே மேலே எழும்பி "டக்" என்று நிற்கும். மூடும்போதும் அப்படித்தான். இதைச் செய்வது விரல்நுனி அளவே உள்ள ஓர் உருளை. அதற்குள் ஒரு சுருள்வில்லும், மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய இரண்டு துண்டுகளும் இருக்கின்றன. இந்தத் துண்டுகளுக்கு கேம் என்று பெயர். வில் ஒரு துண்டை மற்றொன்றின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியை நாம் தூக்கும்போது மேடு மேட்டின் மேல் ஏறுகிறது. அதுதான் கையில் தெரியும் எதிர்ப்பு. உச்சியைத் தாண்டியதும் வில்லே மேட்டைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுகிறது. அந்த வேகத்தில்தான் மூடி தானாகத் திறக்கிறது.

இந்த உருளை பொதுவாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கம் வெறும் அச்சு. ரிப்பனுக்கு வழிவிட அது குழாய் மாதிரி உள்ளீடற்று இருக்கும்.

கீல் உருளை சீக்கிரம் கெடாது. பெரும்பாலும் உடைவது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகள். முழுக்கத் திறந்த பிறகும் பின்பக்கம் அழுத்தினால், அல்லது மணிக்கட்டை உதறி ஒரு கையால் "சடார்" என்று திறந்தால், வேகம் முழுவதும் அந்தக் காதுகளில் போய் இறங்கும். முதலில் மயிரிழை விரிசல் தெரியும். பிறகு மூடி இடவலமாக ஆடும். அந்த ஆட்டம் வந்துவிட்டால் ரிப்பனுக்கும் ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இறுகிப்போன கீலுக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு மாலை போய்வந்த போனின் இடுக்கில் நுண்மணல் இருக்கும். எண்ணெய் அதைப் பிடித்துக் குழைத்து அரைக்கும் பசையாக்கிவிடும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுப்பதே போதும்.

ரிப்பன்: பாதிக் கோளாறின் பிறப்பிடம்

போனின் மூளையான போர்டும் பேட்டரியும் பொதுவாகக் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. திரை, காதுக்கான ஸ்பீக்கர், வெளியே மணி காட்டும் சின்னத் திரை, பல மாடல்களில் கேமரா எல்லாம் மேல்பாதியில். கீழிருந்து மேலே மின்சாரமும் படத் தகவலும் போயாக வேண்டும். போகும் ஒரே வழி கழுத்து. அந்த வழியில் போடப்பட்ட பாதைதான் ஃபிளெக்ஸ் கேபிள். சர்வீஸ் கடைகளில் ரிப்பன் என்றும் ஸ்ட்ரிப் என்றும் சொல்வார்கள். பாலிஇமைடு என்ற மஞ்சள் கலந்த செம்பழுப்பு நிறப் படலத்தின் மேல், முடியைவிட மெல்லிய செம்புத் தடங்கள் பல வரிசையாக ஓடும். மேலேயும் அதே படலம் மூடியிருக்கும்.

லட்சம் தடவை மடங்கும் இடத்தில் செம்பு எப்படித் தாங்குகிறது? கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். சுருட்டி மூலையில் வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். துணி மாதிரி நடுவில் அழுத்தி மடித்து வைத்தால் அந்த மடிப்பில் கோரை ஒடியும். ரிப்பனும் அதே விதிப்படிதான் வாழ்கிறது. கழுத்துக்குள் அதை மடிப்பதில்லை. அச்சைச் சுற்றித் தளர்வாக ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ சுருட்டி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் சுருள் கொஞ்சம் இறுகும் அல்லது தளரும், அவ்வளவே. வளைவின் ஆரம் பெரிதாக இருக்கும்வரை செம்பு களைப்படையாது. எங்கே வளைவு கூர்மையாகிறதோ அங்கே விரிசல் தொடங்கும்.

காது உடைந்து மூடி ஆடத் தொடங்கினால் இந்தச் சுருள் இடம் நகர்ந்து ஓரத்தில் உரசும் அல்லது கூர்மையாக மடங்கும். கீல் ஆட்டத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். முன்பு போனைப் பிரித்த யாரோ சுருளைச் சரியாகச் சுற்றாமல் திணித்திருந்தாலும் இதே கதி.

விரிசல் விட்ட செம்புத் தடம் ஒரேயடியாக அறுவதில்லை. சில கோணங்களில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், சில கோணங்களில் பிரியும். எனவே ரிப்பன் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு: அது கோணத்தைப் பொறுத்து மாறும். முழுக்கத் திறந்தால் திரை வெள்ளையாகும், பாதி மூடினால் படம் வரும். அல்லது படம் இருக்கும், ஆனால் எதிர்முனைப் பேச்சு அறுந்து அறுந்து கேட்கும்.

இதைச் சோதிப்பது எளிது. போனை ஆன் செய்து, மெதுவாக, மிக மெதுவாக, மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்புவரை கொண்டுபோய் மறுபடி மூடுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் படம் உயிர் பெற்றால் திரை நலமாக இருக்கிறது, குற்றவாளி ரிப்பன். உள்திரை, வெளித்திரை, காது ஸ்பீக்கர் மூன்றும் ஒரே சமயத்தில் போயிருந்தாலும் ரிப்பன் அல்லது அதன் கனெக்டர் மேல்தான் சந்தேகம் போக வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் வழி ஒன்றுதான். உள்திரை மட்டும் எந்தக் கோணத்திலும் வராமல் வெளித்திரையும் ஸ்பீக்கரும் ஒழுங்காக இருந்தால், அல்லது திரைக்குள் மை சிந்தியது மாதிரிக் கறை படர்ந்திருந்தால், அப்போதுதான் டிஸ்ப்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ரிப்பனை மாற்றுவது வீட்டு மேசையில் முதல் முயற்சியாகச் செய்யும் வேலை இல்லை. ஆனாலும் கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் பேட்டரி, சிம் வெளியே. திருகுகள் சில ரப்பர் குமிழ்களின் அடியிலும் ஒட்டிய வில்லைகளின் அடியிலும் ஒளிந்திருக்கும். பல மாடல்களில் அவை நட்சத்திரத் தலைத் திருகுகள். மேல்மூடியை இரும்பால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பியால் பிரிக்க வேண்டும். கீல் உருளையை வில்லோடு உள்ளே அழுத்தி விடுவித்தால் இரண்டு பாதியும் பிரியும். பழைய ரிப்பன் எந்தப் பக்கம், எத்தனை சுற்று சுற்றியிருந்தது என்று எடுக்குமுன் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். புதியதை எதிர்த்திசையில் சுற்றினால் அன்றைக்குப் படம் வரும், கொஞ்ச நாளில் அறுந்துவிடும். ரிப்பன் மாடலுக்கு மாடல் வேறு. "இதே சைஸ்தான், போட்டுக்கலாம்" என்பது நடக்காது.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். கீல் வில்லாலும் கேமாலும் இயங்குகிறது, உடைவது அதைத் தாங்கும் பிளாஸ்டிக். ரிப்பன் சுருளாக இருக்கும்வரை பிழைக்கும், கூர்மையாக மடங்கினால் விரிசல் விடும். கோணத்துக்குக் கோணம் மாறும் கோளாறு என்றால் ரிப்பன்.

காந்தம்: மூடியது போனுக்கு எப்படித் தெரிகிறது

மூடினால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. பெரும்பாலான மடக்கு போன்களில் கழுத்தில் அப்படி ஒரு சுவிட்சே இல்லை. மூடியின் ஓரத்தில் அரிசி அளவு காந்தம் ஒன்று புதைந்திருக்கிறது. மூடும்போது அதற்கு நேரே வரும் இடத்தில், கீழ்ப்பாதிப் போர்டில், ஹால் சென்சார் என்ற சின்னச் சில்லு இருக்கிறது. மின்சாரம் ஓடும் தகட்டருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879இல் கண்டறிந்தவர் எட்வின் ஹால், பெயர் அவருடையது. காந்தம் நெருங்கியதும் சென்சார் "மூடியாச்சு" என்று செய்தி தருகிறது. அதைப் பெற்ற மென்பொருள் திரை விளக்கை அணைக்கிறது, பேசிக்கொண்டிருந்தால் அழைப்பை முடிக்கிறது.

மூடிய போனும் டவரோடு தொடர்பில்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் மணி எப்படி அடிக்கும்? சார்ஜ் நிற்பதற்குக் காரணம் சின்னத் திரை, அதுவும் பெரும்பாலான நேரம் அணைந்தே இருப்பது, பின்னணியில் ஓயாமல் ஓடும் செயலிகள் இல்லாதது. மூடியைத் திறந்து வைத்துத் திரை அணைந்திருந்தாலும் ஏறத்தாழ அதே சேமிப்புதான்.

இந்த அறிவால் ஒரு பயன் உண்டு. மூடியைத் திறந்தும் திரை விழிக்கவில்லை, பட்டன் எதற்கும் பதில் இல்லை என்றால், பக்கத்தில் வேறு காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தப் பொத்தான் வைத்த கைப்பை, காந்த மூடியுள்ள உறை, மேசை ஸ்பீக்கர் எதுவும் போனை ஏமாற்றிவிடும். எதிர்மாறாக, மூடினாலும் அழைப்பு முடியவில்லை என்றால் மூடியிலிருந்த காந்தம் விழுந்திருக்கலாம்; கீழே விழுந்து மேல்மூடி மாற்றிய போன்களில் பழைய மூடியோடு காந்தமும் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. உறுதி செய்ய, போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சின்னக் காந்தத்தை பட்டன் பகுதியின் ஓரங்களில் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் திரை அணைந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது, காந்தம்தான் காணோம். காந்தத்தைத் திருப்பியும் ஒரு தடவை பாருங்கள். சில சென்சார்கள் ஒரு துருவத்துக்கு மட்டுமே பதில் சொல்லும்.

பட்டன்கள்

பட்டனுக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல மெல்லிய உலோகக் குமிழ் இருக்கிறது. அழுத்தினால் அது பதிந்து போர்டிலுள்ள இரண்டு வட்டங்களை இணைக்கும்; விட்டால் மீண்டும் எழும். விரலில் தெரியும் "க்ளிக்" அதுதான். ஒரு பட்டன் மட்டும் ஓங்கி அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் குமிழின் கீழ் அழுக்கோ துருவோ படிந்திருக்கிறது. குமிழ்த் தாளைத் தூக்கி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரேசர் வி3இல் தனித்தனிப் பட்டன்களே கிடையாது, ஒரே உலோகத் தகட்டில் எழுத்துகளை அரித்து உருவாக்கியிருந்தார்கள். அழகுதான், தகடு வளைந்தால் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி கடற்கரையோரத் தெருக்களிலும் இரும்புக் கதவு எவ்வளவு சீக்கிரம் துரு ஏறுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. போனிலும் அதே உப்புதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இங்கே ஐப்பசி கார்த்திகையில் அது சாதாரணம். மடக்கு போனின் கழுத்து இடுக்கு எப்போதும் திறந்தே இருப்பதால் உப்பு உள்ளே போக வழி கூடுதல்.

முதலில் பாதிக்கப்படுவது மின்சாரம் ஓடும் வெளிமுனைகள்: பேட்டரித் தொடுமுனைகள், சார்ஜர் பின் செருகும் இடம். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். பேட்டரியில் மூன்றோ நான்கோ முனைகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, மீதி பேட்டரியின் வகையையும் சூட்டையும் போனுக்குச் சொல்ல. அந்தத் தகவல் முனை அழுக்கானால் பேட்டரி நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாது. உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம். முனைகளின் மேல் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. அது போனால் பூப்பது இன்னும் வேகமாகும். மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள்.

மழையிலோ வெள்ளத்திலோ நனைந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஆன் ஆகிறதா என்று பார்க்கவே கூடாது. நீரும் உப்பும் சேர்ந்த இடத்தில் மின்சாரம் இருந்தால் செம்புத் தடம் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மின்சாரம் இல்லாவிட்டால் அரிப்பு மிக மெதுவாகத்தான் நடக்கும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் உப்பு வெளியேறாது. மூடியைத் திறந்த நிலையில் வைத்து, அன்றைக்கே போர்டைப் பிரித்துக் கழுவித் தரும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பேட்டரியைக் கையால் கழற்ற முடிவது பழைய போனின் பெரிய வசதி என்பது அப்போது புரியும்.

தலைமுறையும் வடிவமும்

மடிப்பது வடிவம். 2ஜி, 4ஜி என்பது டவரோடு பேசும் முறை. இரண்டுக்கும் தொடர்பில்லை. நோக்கியா 2720 என்ற எண்ணிலேயே இரண்டு மடக்கு போன்கள் உண்டு: 2009இல் வந்த ஃபோல்ட் 2ஜி, 2019இல் வந்த ஃபிளிப் 4ஜி. 2022இல் வந்த நோக்கியா 2660 ஃபிளிப்பும் 4ஜிதான்.

2016இல் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி சேவையே இல்லை. அதனால் ஜியோ சிம்மைப் பழைய 2ஜி போனில் போட்டால் டவர் வராது. போன் கெட்டுவிட்டதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டுப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளில் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த போன்கள் பெட்டியில் தூங்குகின்றன. இந்தியாவைப் போலவே ஐரோப்பாவிலும் 2ஜி 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில்தான் இயங்கியது, எனவே அவை இங்கே பெரும்பாலும் வேலை செய்யும். 850, 1900 மட்டுமே உள்ள அமெரிக்கப் போன்கள் செய்யாது. சிம் போட்டதும் திரையில் ஏதோ திறவு எண் கேட்டால் அது வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி அந்த ஊர் நிறுவனம் போட்ட பூட்டு. தோன்றிய எண்களை அடித்துப் பார்க்காதீர்கள்; சில தவறுகளுக்குப் பின் பூட்டு நிரந்தரமாகிவிடும். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, அந்தச் சொந்தக்காரருக்கு அனுப்பி, அவர் வாங்கிய நிறுவனத்திடமே திறவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பல போன்களைக் கெடுத்திருக்கிறது: பழைய சிம் குழி 25க்கு 15 மில்லிமீட்டர் அளவு. இன்றைய நானோ சிம்மை அட்டைச் சட்டம் இல்லாமல் செருகினால் உள்ளே நழுவும். வெளியே இழுக்கும்போது பின்கள் வளையும்.

சந்தையில் கையில் எடுத்தால்

முதலில் பேட்டரி. கழற்றித் தட்டையான இடத்தில் வைத்துச் சுண்டுங்கள். பம்பரம் போல் சுற்றினால் உப்பியிருக்கிறது, வேண்டாம். பல வருடம் கிடந்த பேட்டரியில் மீட்டர் 2.5 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் அதையும் ஓரங்கட்டுங்கள். நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்புவது தீ விபத்துக்கு வழி. பிறகு மூடிய நிலையில் மூடியை இடவலமாக அசைத்துக் காதுகளில் ஆட்டம் பாருங்கள். ஆன் செய்து, முன்பு சொன்ன மெதுவான திறப்புச் சோதனை. திறந்து மூடித் திரை அணைகிறதா என்று காந்தச் சோதனை. உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு. பேசிக்கொண்டே மூடியை லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள், குரல் அறுகிறதா என்று கேளுங்கள். ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொண்டால் திருட்டுப் போனென்று முடக்கப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

அதே மாடலில் செத்துப்போன போன் ஒன்று அதே குவியலில் கிடந்தால் அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கீல் உருளை, மேல்மூடி, காந்தம், குமிழ்த் தாள் எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரிப்பனை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அதுவும் வருஷக்கணக்கில் வளைந்து களைத்ததுதான். அதைப் புதிதாகவே வாங்குங்கள்.